டீச்சருக்குக் கிடைக்காத ஒரு மத்தியானம்

சோசியல் டீச்சரின் பணி நிறைவு விழாவில் எங்கள் தலைமை ஆசிரியர் மைக்கைப் பிடித்து, "எந்த வேலை சொன்னாலும் முகம் சுளிக்காம செய்வாங்க. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவாங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். டீச்சர் மேடையில் பொன்னாடைக்குள் வியர்த்துக்கொண்டு, யாருடைய விழாவுக்கோ வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கர் ஒயரைச் சரிசெய்துகொண்டு கீழே நின்ற எனக்குக் கை எழவில்லை. முகம் சுளிக்காமல் செய்தார், சரி. செய்யச் சொன்னது யார், அதனால் போனது என்ன என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே. எனக்கும் பேச நேரம் கொடுத்தார்கள். நான் உண்மையைப் பேசினால் பிரியாணி ஆறிவிடும் என்று தோன்றியதால் வாழ்த்துச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அன்று விழுங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அந்தப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி அது. கணக்கு சாருக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது என் பீரியட். அதுவும் போதவில்லை என்றால் சோசியல் டீச்சரின் பீரியட். எங்கள் இருவர் பீரியடும் ஊர்ப் பொதுக்குழாய் மாதிரி, யார் வேண்டுமானாலும் குடத்தை வைக்கலாம். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று நான்கு பாடத்தை ஒரே அட்டைக்குள் போட்டுக் கட்டிய புத்தகம் அது. பத்தாம் வகுப்புப் புத்தகங்களில் அதுதான் குண்டு. ஆனால் ஆசிரியர் அறையில் அதற்கு மரியாதை கிடையாது. "சோசியல்தானே, பசங்க ஊட்லயே படிச்சிப்பாங்க" என்று சொல்லி வகுப்பை வாங்கிக்கொள்வார்கள். வகுப்பு போனதே என்று அவர் உட்கார்ந்தால், "ஃப்ரீயாதானே இருக்கீங்க டீச்சர்" என்று அடுத்த வேலை வந்து நிற்கும். மார்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, இலவச நோட்டு எண்ணி வாங்குவது, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஓடுவது எல்லாம் அவர் தலையில்தான்.

டீச்சர் ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். பையன்களை நைனா என்றும் பெண்களை அம்மாடி என்றும் கூப்பிடுவார். திட்டும்போதும் அதே நைனாதான், குரல் மட்டும் மாறும். சுவரில் தொங்கும் வரைபடம் பின்பெஞ்சுக்குத் தெரிவதில்லை என்று சொல்லி, நான் கபடிக் கோடு போட வைத்திருக்கும் சுண்ணாம்புத் தூளை வாங்கிப்போய் மைதானத்தில் இந்தியாவைப் போட்டுவிடுவார். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் போய் நிற்க வேண்டும். பம்பாயில் நிற்பவன் பம்பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொல்லத் தெரியாவிட்டால் கடலில் நிற்க வேண்டும். ஒரு முறை கல்கத்தாவில் நின்ற பெண், "எங்க ஊட்டாண்ட போற ரோடு இங்கதான் வருதா மிஸ்" என்று கேட்டாள். அவள் எளாவூர்க்காரி. சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் அவள் அம்மா லாரிக்காரர்களுக்கு இட்லி விற்றுக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து அந்த நெடுஞ்சாலையைப் பார்த்தவள், அது எங்கே போய் முடிகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். டீச்சருக்கு அன்று முழுக்க அதே பேச்சு.

அந்தப் பெண்ணின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எளாவூர்ப் பெண் என்றே இருக்கட்டும். அப்பா இல்லை, தாயும் மகளும் தாய்மாமன் வீட்டில் இருந்தார்கள். என் கபடி அணியில் ரெய்டு போனால் யாரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள். கணக்கில் மட்டும் மந்தம். ஜியாமெட்ரியும் கிராஃபும் போட்டுவிட்டால் எப்படியும் கரை ஏறிவிடலாம் என்று கணக்கு சார் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டையும் திரும்பத் திரும்பப் போட வைப்பார். அவளும் காம்பஸைச் சுழற்றிக்கொண்டே இருப்பாள்.

பொதுத்தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. அந்தத் திங்கட்கிழமை காலையில் அவள் வரவில்லை, அவள் அம்மா வந்தார். தலைமை ஆசிரியர் அறைக்குள் போகப் பயந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்று டீச்சரைக் கூப்பிட்டார். பிள்ளைகளை வரிசையில் அனுப்பிக்கொண்டிருந்த நானும் பக்கத்தில்தான் இருந்தேன். "எங்க அண்ணன் அவள அடுத்த திங்கக்கெழமேலேந்து கம்பெனி வேன்ல ஏத்தி உடறேன்னுட்டாரு டீச்சர். பரிச்ச முடியட்டும்னு நான் சொன்னா காதுல வாங்கல. நீங்க ஊட்டாண்ட வந்து ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு" என்றார். அந்த மாமன்தான் கம்பெனிக்கு ஆள் சேர்த்து வேனில் ஏற்றி அனுப்பும் காண்ட்ராக்டரின் ஆள். காலையும் மாலையும் ஷிப்ட் மாறும் நேரத்தில் வேனோடு போய்விடுவார். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் நாலு மணிக்குள்தான் வீட்டில் பிடிக்க முடியும்.

"நாளிக்கே வர்றேம்மா. உங்க அண்ணன எங்கியும் போவாம இருக்கச் சொல்லு" என்றார் டீச்சர்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரு மத்தியானம். வெறும் ஒரு மத்தியானம். இதை நான் இத்தனை நாள் கழித்தும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அன்றைக்கே நான் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். "வேணாம் சார். அந்தாளு ரெண்டு வார்த்த பேசினா நீங்க நாலு பேசுவீங்க. காரியம் கெட்டுப்பூடும்" என்றார். என்னை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலைப் பிரார்த்தனை முடிந்ததும் தலைமை ஆசிரியர் ஒரு கவரை நீட்டினார். திருவள்ளூர் மாவட்ட அலுவலகத்தில் அன்றைக்கே நேரில் சேர்க்க வேண்டுமாம். டீச்சர் மத்தியானம் ஒரு வேலை இருக்கிறது, வேறு யாரையாவது அனுப்பக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தார். "உங்களுக்கு இன்னிக்கு ரெண்டு பீரியட்தானே டீச்சர். அதையும் கணக்கு சார் எடுத்துக்கறேன்னுட்டாரு" என்று பதில் வந்தது. எங்கள் ஊரிலிருந்து திருவள்ளூருக்குப் போவது என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத சங்கதி. ஒரே மாவட்டம்தான், ஆனால் மின்சார ரயிலில் சென்னை வரைக்கும் போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, இன்னொரு ரயில் பிடித்து, வந்த அளவுக்கு இன்னொரு பக்கம் போக வேண்டும். திரும்பி வரவும் அதே பாடு. காலையில் போன டீச்சர் சாயங்காலச் சிறப்பு வகுப்புக்குத்தான் வந்து சேர்ந்தார். கால் வீங்கிப்போய், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடியே பாடம் நடத்தினார். வரும் வழியிலேயே அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, நாளைக்கு நிச்சயம் என்று சொல்லியிருக்கிறார்.

புதன்கிழமை வாக்காளர் பட்டியல் வேலை வந்தது. வீடு வீடாகப் போய் ஆள் இருக்கிறாரா, பெயர் சரியா என்று பார்க்கும் வேலைக்கும் எங்கள் பள்ளியில் அவரைத்தான் போட்டிருந்தார்கள். குடிமையியல் நடத்துகிறவருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியுமாம். அவருக்குக் கொடுத்த பகுதியில் பாதி, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் வரிசையாகத் தங்கும் ஒற்றை அறைகள். பகல் ஷிப்டுக்குப் போனவன் அறை பூட்டிக் கிடக்கும், இரவு ஷிப்ட் முடித்தவன் கதவைத் தட்டினாலும் எழுந்திருக்க மாட்டான். சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று மேலிருந்து போன்மேல் போன். பூட்டிய கதவுகளைத் தட்டிக்கொண்டே அந்த மத்தியானமும் போயிற்று.

வியாழக்கிழமை நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு கம்பெனி எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு கொடுத்தது. அதற்கு விழா. பேச வருவது சோசியல் டீச்சருக்குத்தான் என்று சொல்லி வரவேற்புரை, தொகுப்புரை, நன்றியுரை மூன்றையும் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். திருப்புதல் தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்க வைத்துப் பூத் தூவச் சொல்லும் திருப்பணி எனக்கு. பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்ன கம்பெனி அதிகாரி மூன்று மணிக்கு வந்தார். வந்தவர் மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பெண் கல்வியைப் பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஒரு பெண் படித்தால் ஒரு தலைமுறையே படித்த மாதிரி என்றார். டீச்சர் மேடை ஓரத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்தார். நாலு மணிக்கு மேல் நன்றியுரை சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். அந்த போர்டு அடுத்த மழைக்காலத்திலேயே கெட்டுப்போய், இப்போது அதன்மேல் துடைக்கிற துணி காய்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் டீச்சர் தலைமை ஆசிரியரிடம் நேராகவே போய், எளாவூருக்குப் போக வேண்டும், மத்தியானம் அனுமதி வேண்டும் என்று காரணத்தைச் சொல்லிக் கேட்டார். விளையாட்டுச் சாமான் அலமாரி அந்த அறையில்தான் இருக்கிறது, பந்து எடுக்கப் போன நான் எல்லாவற்றையும் கேட்டேன்.

"மார்க் எண்ட்ரி பாக்கி இருக்கே டீச்சர்" என்றார் அவர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, என்னவோ நல்லது சொல்வது போல, "அந்தப் பொண்ணு வந்தா மட்டும் கணக்குல பாஸ் ஆயிடப் போவுதா? வரலேன்னா நம்ம ரிசல்ட்டுக்கு நல்லதுதானே. யோசிச்சிப் பாருங்க" என்றார்.

என் கையில் இருந்த பந்தை எங்கே எறிந்திருப்பேனோ தெரியாது. டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் வண்டியை எடுத்து கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, "ஏறுங்க டீச்சர், அனுமதி கெடக்குது" என்றேன். ஒரு நிமிடம் நின்றார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார்.

லாரிகளுக்கு நடுவில் நுழைந்து எளாவூர் போய்ச் சேர்ந்தோம். மாமன் வீட்டில்தான் இருந்தார். பாய் விரித்துப் படுத்திருந்தவர் எழுந்து லுங்கியை இறக்கிவிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முரடன் ஒருவனை எதிர்பார்த்துப் போன எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்.

"அவ ஊட்ல இல்ல டீச்சர். கம்பெனில ஆள் கொறச்சல்னு பேஜாரு பண்ணிட்டாங்க. திங்கக்கெழமன்னு சொன்னத நேத்தே ஏத்தி உட்டேன்" என்றார். டீச்சர் நாற்காலியில் உட்காரவே இல்லை. அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு, "செவ்வாக்கெழம நீங்க வருவீங்கன்னு என் தங்கச்சி சொல்லிக்கினே இருந்துச்சி. நானும் வேனுக்கு வேற ஆள அனுப்பிட்டு அன்னிக்குப் பூரா குந்திக்கினு இருந்தேன். டீச்சரே ஊடு தேடி வந்து கேட்டா நான் இன்னான்னு மறுக்கறது? நீங்க வரல. சரி, அவங்களுக்கும் அக்கற இல்ல போலன்னு நெனச்சிக்கினேன்" என்றார்.

எந்தக் கம்பெனி என்று கேட்டோம். சொன்னார். முந்தின நாள் எங்களுக்கு போர்டு கொடுத்த அதே கம்பெனி.

அங்கிருந்து நேராக அந்தக் கம்பெனி கேட்டுக்குப் போனோம். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. டீச்சர் அவரோடு சண்டை போடவில்லை, விழாவுக்கு வந்த அதிகாரியின் பெயரைச் சொல்லி, நேற்று நன்றியுரை சொன்ன டீச்சர் வந்திருக்கிறார் என்று மட்டும் சொல்லச் சொன்னார். அதிகாரி சிரித்த முகமாக வெளியே வந்தார். போர்டு நன்றாக வேலை செய்கிறதா என்று விசாரித்தார்.

"நேத்து உங்களுக்கு அவ்ளோ நன்றி சொன்னேனே சார், எங்க பத்தாங்கிளாஸ் பொண்ணு அப்பவே உங்க கம்பெனிக்குள்ள தான் இருந்திருக்கா" என்றார் டீச்சர். "இப்பவே அனுப்புங்க. இல்லேன்னா இங்க நின்னுக்கினே குழந்தைங்க உதவி எண்ணுக்குப் போன் போடறேன்."

அவர் முகம் மாறியது. காண்ட்ராக்ட் ஆட்களைப் பற்றிக் கம்பெனிக்குத் தெரியாது என்றார், வயது பார்க்காமல் எடுக்க மாட்டோம் என்றார். இந்தப் பக்கம் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக அவளை அனுப்பிவிட்டார்கள். வலது கையில் துணி சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தால் விரல்கள்மேல் பற்பசை. பிளாஸ்டிக் கவரின் வாயைச் சூடு வைத்து ஒட்டும் மெஷினில் அவளை உட்கார வைத்திருக்கிறார்கள். அன்று காலையில்தான் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளே மாட்டியிருக்கின்றன. பற்பசை தடவித் துணியைச் சுற்றி, ஷிப்ட் முடியும் வரை ஓரமாக உட்கார் என்று சொல்லியிருக்கிறார்கள், மகாராசன்கள். அவள் அழவில்லை. "மார்ச்சுக்குள்ள ஆறிடும் இல்ல மிஸ்" என்று மட்டும் கேட்டாள். டீச்சர் ஆறிடும் அம்மாடி என்று சொல்லிவிட்டு, வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்த மாதிரியே நடந்தது. டீச்சர் சொன்னபடி அந்த எண்ணுக்குப் போன் போட்டார். ஆட்கள் வந்தார்கள், கேட்டார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். காண்ட்ராக்டர் பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டான், வேன் மாறவில்லை. கம்பெனி மருந்துச் செலவைக் கொடுத்துக் கையைக் கழுவிக்கொண்டது. மாமன் மட்டும் கொஞ்ச நாள் வேலையில்லாமல் திரிந்தார், ஆனாலும் மருமகளைத் தன் சைக்கிளிலேயே பள்ளிக்குக் கொண்டுவந்து விட்டார். எங்கள் பள்ளியில் விளக்கம் கேட்கப்பட்டது கம்பெனியிடம் இல்லை, டீச்சரிடம். அனுமதி இல்லாமல் பள்ளி நேரத்தில் வெளியே போனது ஏன் என்று. மாணவியைப் பள்ளிக்கு அழைத்து வரப் போனேன் என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தார்.

புண் மார்ச்சுக்குள் ஆறியது. தோல் இழுத்துக்கொண்டதால் அந்த இரண்டு விரலும் சரியாக மடங்கவில்லை. பேனாவை எப்படியோ இடுக்கிக்கொண்டு எழுதினாள். காம்பஸைப் பிடித்துச் சுழற்ற முடியவில்லை. ஜியாமெட்ரியை விட்டுவிட்டாள், கிராஃப் கோணிக்கொண்டு போனது. மற்றப் பாடங்களில் எல்லாம் தேறினாள், கணக்கில் போய்விட்டாள். அந்த வருடம் எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பில் தவறியது அவள் ஒருத்திதான்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஆசிரியர் கூட்டம். தலைமை ஆசிரியர் சீர் வராமல் வெறுங்கையோடு நிற்கும் மாப்பிள்ளையைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு பெண்ணால் நூறு சதவீதம் போயிற்று, மாவட்டத்தில் கேடயம் கிடைத்திருக்கும் என்றார். டீச்சர் பக்கம் திரும்பாமல், "சில பேர் தேவையில்லாம ஆர்வம் காட்டினதால வந்தது" என்றார்.

டீச்சர் எழுந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை, அன்றும் உயரவில்லை. "அவ பெயிலானதுக்கு நான் பதில் சொல்றேன் சார். அவ வராமலே இருந்திருந்தா நல்லதுன்னு நீங்க நெனச்சதுக்கு யாரு பதில் சொல்றது" என்று கேட்டார். கணக்கு சார் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியர் தொண்டையைக் கனைத்து, எதுவும் காதில் விழாதவரைப் போல அடுத்த விஷயத்துக்குப் போனார். அன்று திருவள்ளூரில் சேர்க்க வேண்டிய ஒரு கவர் இருந்தது. அதை எடுத்துப் பழக்கத்தில் டீச்சர் பக்கமே நீட்டினார்.

"எனக்கு கிளாஸ் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு டீச்சர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பார்க்கச் சகிக்காமல் நான் வாங்கிக்கொண்டேன்.

அத்தனை வருடத்தில் அந்த வேலைக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. டீச்சர் எப்போதும் அந்த அலுவலக வாசலில் இருக்கும் தபால் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த ரயிலுக்கு ஓடிவிடுவார். எனக்கு அந்த வழக்கம் தெரியாது. நேராக உள்ளே போய், அங்கிருந்த இளைஞரிடம் கவரைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை போட்டுத் தரச் சொன்னேன். அவர் கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது காலையிலயே மெயில்ல வந்துடுச்சே சார். எல்லா ஸ்கூலும் மெயில்தான் அனுப்பறாங்க. உங்க ஸ்கூல்லேந்து மட்டும் தபாலும் வருது. நாங்க பிரிக்கறதே இல்ல" என்று சொல்லி, காலுக்குக் கீழே இருந்த அட்டைப்பெட்டியில் அதைப் போட்டார்.

மறுநாள் தலைமை ஆசிரியரிடம் இதைக் கேட்டேன். கொஞ்சமும் கூச்சப்படவில்லை மனிதர். "தெரியும் சார். ஆனா நேர்ல ஆள் போனாத்தான் நம்ம ஸ்கூல் பேர் அவங்க மனசுல நிக்கும்" என்றார்.

அந்தப் பெண் மறுதேர்வில் கணக்கைத் தாண்டிவிட்டாள், இப்போது தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கிறாள். கபடிக்கு வருவதில்லை, அந்தக் கையால் பிடி நிற்காது. டீச்சரும் ஓய்வு பெற்றுவிட்டார். செவ்வாய்க்கிழமை போக முடியவில்லையே என்று எங்கே பார்த்தாலும் என்னிடம் சொல்லி வருத்தப்படுவார், தான் எப்படியாவது போயிருக்க வேண்டும் என்பார். அன்று அவர் ரயில் மாறி ரயில் ஏறிக் கொண்டுபோன கவரை யாரும் பிரிக்கவே இல்லை என்று அவருக்குச் சொல்ல எனக்கு இதுவரை வாய் வரவில்லை. இதைப் படித்தாவது தெரிந்துகொள்ளட்டும். ஒரு தடவையாவது முகத்தைச் சுளிக்கட்டும்.